பிள்ளைகளைக் காரில் ஊர் சுற்றிக் காட்டினால் என்ன தெரிந்துகொள்ளப் போகிறார்கள்?

கேள்வி – ஏப்ரல் 22

"லீவு விட்டாச்சு. பசங்களைக் காரில் கூட்டிப்போய் நாலு ஊர் காட்டினால் அறிவு வளரும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பின் சீட்டில் போன் பார்ப்பார்கள், ஏசியில் தூங்குவார்கள், ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுத் திரும்பி வருவார்கள். பெட்ரோல் காசுதான் வீண். கோட்டை பார்த்தாச்சு, தங்கக் கோயில் பார்த்தாச்சு. வேலூரைச் சுற்றி வேறு என்ன இருக்கிறது?"

ஏப்ரல் 22, இரவு

நிறைய இருக்கிறது. நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். மகள் ஏழாவது முடித்திருக்கிறாள், மகன் நாலாவது. எங்களிடம் இருப்பது பழைய சின்ன கார், ஏசி பாதி நாள் வேலை செய்யாது.

நீங்கள் சொல்வது பைபாஸில் போனால் அப்படியே நடக்கும். நாலு வழிச் சாலையில் ஏறிவிட்டால் ஊர்கள் எல்லாம் மேம்பாலத்துக்குக் கீழே போய்விடும், பச்சைப் பலகையில் பெயர் மட்டும் வரும், அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த ஊர். பிள்ளைகள் தூங்காமல் என்ன செய்வார்கள்? ஊருக்குள் நுழைந்து போகிற பழைய ரோடைப் பிடியுங்கள். அப்புறம், பத்து இடம் பார்க்கிற ஆசையை விட்டுவிட்டு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது தண்ணீர். போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 23

தண்ணீர் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டுக் குழாயிலிருந்து ஆரம்பியுங்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளையிடம் கேட்டால் "மோட்டார்" என்று பதில் வரும், "டேங்க்" என்று வரும். வேலூருக்குக் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறது. இதைச் சொன்னதும் என் மகள் கேட்டது, "அப்போ பாலாறு எதுக்கு?" அன்றைக்கு வண்டியை எடுத்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் காட்பாடி போகும் பாலத்துப் பக்கம் நிறுத்தி ஆற்றைப் பார்த்தோம். மணல், சீமைக்கருவேலம், ஓரத்தில் சாக்கடை ஓடுகிற ஒரு வாய்க்கால். "இது ஆறா, கிரவுண்டா?" என்றான் சின்னவன். நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222 என்று மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலில் சேர்கிற ஆறு இது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது. ஆனால் 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டு ஓடியதை மகள் நேரில் பார்த்தவள். அவள்தான் தம்பிக்குக் கைநீட்டிக் காட்டினாள், தண்ணீர் எதுவரை ஏறியிருந்தது, எத்தனை பேர் பாலத்தில் வேடிக்கை பார்க்க நின்றார்கள் என்று. நான் சொல்லியிருந்தால் பாதிகூட அவன் காதில் ஏறியிருக்காது.

கூடவே என் அம்மாவையும் கூட்டிப்போயிருந்தோம். அவர்கள் சொன்னது, கோடையில் ஆற்று மணலில் கையாலேயே ஊற்று தோண்டுவார்களாம், முழங்கை ஆழத்தில் தண்ணீர் வந்துவிடுமாம், முதலில் கலங்கலாக வரும், இறைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் தெளிந்துவிடும், சொம்பில் மொண்டு குடம் நிரப்புவார்களாம். மேலே வெறும் மணல், ஆறு உள்ளே ஓடுகிறது. மணல்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அந்த மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனால் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிடும். பாட்டி சொல்லச் சொல்ல இது பிள்ளைகளுக்குத் தானாகவே புரிந்துவிட்டது. பெரியவர்கள் ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஏப்ரல் 25, காலை

தண்ணீரை ஒரு நிமிஷம் விடுங்கள். இந்த இரண்டு நாளும் வேலூரில் சூரியன் நேர் உச்சியில் வருகிறது. மதியம் 12 மணி 10 நிமிஷம் வாக்கில் பிள்ளைகளை வெளியே கூப்பிட்டு, ஒரு டம்ளரைத் தரையில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். நிழல் இருக்காது. மறுபடி ஆகஸ்ட் நடுவில்தான். காரே தேவையில்லை, மொட்டைமாடி போதும். செருப்புப் போட்டுக்கொண்டு போகட்டும்.

ஏப்ரல் 25, இரவு

"ஏன் 12 மணிக்கு இல்லை, 10 நிமிஷம் தள்ளி?" என்று இதைப் படித்த ஒருவருடைய மகன் கேட்டானாம். கெட்டிக்காரப் பிள்ளை. இதற்குப் பதிலை விரிஞ்சிபுரம் கோயிலைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன், இரண்டு நாள் பொறுங்கள்.

ஏப்ரல் 27

மறுபடி தண்ணீர். பாலத்திலிருந்து கிளம்பி ஆற்காடு தாண்டி வாலாஜா. அங்கே ஆற்றுக்குக் குறுக்கே பாலாற்று அணைக்கட்டு இருக்கிறது, 1858-ல் கட்டியது. அணை என்றதும் மேட்டூர் மாதிரி உயரமாக எதிர்பார்த்த பிள்ளைகளுக்கு முதலில் சப்பென்று ஆகிவிடும். தண்ணீரைத் தேக்குவதற்காகக் கட்டியதில்லை இது. வருகிற வெள்ளத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டுக் கால்வாய்களில் திருப்பிவிடுவதுதான் இதன் வேலை. காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று கால்வாய்கள் பிரிந்து ஏரிகளுக்குப் போகின்றன. வருஷத்தில் சில நாள் மட்டும் ஓடுகிற ஆற்றை மாதக்கணக்கில் பயன்படுத்துகிற வழி. மழைக்கால வெள்ளத்தை ஏரியில் வாங்கி வைத்துக்கொண்டால், ஆறு காய்ந்த பிறகும் கழனி நனையும்.

கால்வாயை ஒட்டியே போய்க் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஏறினோம். பல்லவர் காலத்து ஏரி, நம் மாநிலத்துப் பெரிய ஏரிகளில் ஒன்று. கரைமேல் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் அதைவிடத் தாழ்வில் கழனிகள். சின்னவன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கரை உடைஞ்சா?" என்று கேட்டான். மதகு என்றால் என்ன, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் எதற்கு, ஏரி நிரம்பி வழிந்தால் கோடி போகிறது என்று ஏன் சந்தோஷமாகச் சொல்கிறார்கள், உபரித் தண்ணீர் அடுத்த ஏரிக்கு எப்படிப் போகிறது என்று எல்லாவற்றையும் மதகடியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார். "இந்த ஏரி ரொம்பினாத்தான் கீழ ஏரிக்குப் போவும். ஒருத்தன் வாய்க்கால அடச்சான்னா அடுத்த ஊருக்கு அந்த வருசம் பயிரு இல்ல" என்றார். பாடப் புத்தகத்தில் நீர் மேலாண்மை என்று ஒரு பாடமே வருகிறது, மகள் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள். வாய்க்காலை அடைத்தால் சண்டை வரும் என்பது அதில் இல்லை.

அங்கிருந்து மகேந்திரவாடி. முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் ஒரே பாறையைக் குடைந்து எடுத்த சின்ன குடைவரைக் கோயில், கல்வெட்டிலேயே மகேந்திர தடாகம் என்று ஏரியின் பெயரும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறது. பல்லவன் வெட்டின ஏரிக்கு வெள்ளைக்காரன் கட்டின அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வருகிறது, இன்றைக்கு அதில் நம் ஆட்கள் நாற்று நடுகிறார்கள். அங்கே பாறை நிழலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மகள் நோட்டில் ஒரு கோடு போட்டாள், நந்தி மலையில் ஆரம்பித்து அணைக்கட்டு, கால்வாய், ஏரி, மதகு, கழனி வரைக்கும். நான் போடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 28

போனை வீட்டிலேயே வைக்கச் சொன்னேனே, அதில் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பிள்ளை கையில் கொடுங்கள். பாலாற்றின் இரண்டு பக்கமும் ஏரிகள் எப்படி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வருகின்றன, எது வீட்டு மனையாக மாறியிருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். வழி சொல்கிற வேலையும் அவர்களுடையது. குரல் வழிகாட்டியை அணைத்துவிடுங்கள். "அடுத்த இடது" என்று பிள்ளை சொல்லி நாம் திரும்பும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஏப்ரல் 30

வேலூரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்றை ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார்: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981-ல் சாமி வந்துவிட்டார், ஆற்றில் 2021-ல் தண்ணீர் வந்துவிட்டது. "ராஜா இனிமே வரமாட்டாரு, மிச்சம் மரம்தான், அதை நட்டுடலாம்" என்கிறான் என் மகன்.

மே 2

வரலாறு, தண்ணீர் எல்லாம் சரி, கணக்கு எங்கே என்று கேட்டவருக்கு இலவம்பாடி.

அணைக்கட்டு தாலுகாவில் இருக்கிறது (மேலே சொன்ன வாலாஜா அணைக்கட்டு வேறு). முள் கத்தரிக்காய்க்குப் பேர்போன ஊர், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. போன தை மாதம் போனோம். காம்பில், தண்டில், இலை நரம்பில்கூட முள். ஒரு பெரியம்மா வலது கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, காயைக் கீழிருந்து தாங்கிப் பிடித்து ஒரு திருகு, அவ்வளவுதான், முள் படாமல் கூடையில் விழுந்தது. மகள் அதே மாதிரி செய்து பார்க்க விரலில் குத்தியது. "பாத்து கண்ணு, காம்ப புடிக்காத, காய புடி" என்று அவர் கையைப் பிடித்துக் காட்டினார்.

அன்றைக்கு அவர்கள் கொல்லையில் கிலோ 20 ரூபாய்க்குப் போட்டார்கள். முந்தின நாள்தான் நேதாஜி மார்க்கெட்டில் 50 ரூபாய்க்கு வாங்கியிருந்தோம், மகளும் கூட இருந்தாள். "30 ரூபாய் யார் எடுத்துக்கறாங்க? ஏமாத்தறாங்களா பெரியம்மா?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள். எனக்குச் சங்கடமாக இருந்தது, அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. மூட்டைக்குச் சாக்கு, சாக்குக்குக் காசு, டெம்போ வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, மண்டியில் கமிஷன், அங்கிருந்து எடுக்கிற கடைக்காரருக்கு வாடினதும் சொத்தையும் கழித்துவிட்டு மிச்சத்தில் லாபம் என்று விரல் மடக்கிச் சொன்னார். "யாரும் ஏமாத்தல கண்ணு. ஆனா வெல ஏறுனா எங்களுக்கு ஒரு ரூபா ஏறும், எறங்குனா பத்து ரூபா எறங்கும்."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மகள் திரும்பி வருகிற வழி முழுக்கக் கணக்குப் போட்டாள். ஒரு மூட்டைக்கு எவ்வளவு, காயில் பத்தில் ஒரு பங்கு சொத்தை என்றால் எவ்வளவு, நாமே நேராக வந்து வாங்கினால் பெட்ரோல் எவ்வளவு. நாமே போய் வாங்குவது கட்டுப்படியாகாது என்று அவளே கண்டுபிடித்ததில்தான் எனக்குப் பெருமை. நகரமும் கிராமமும் எதனால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

மே 3

மைல்கல் நிறம்: மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு பிரதமர் திட்டத்தில் போட்ட கிராமச் சாலை. நாலு வயசுப் பிள்ளைக்கும் இது விளையாட்டு. வண்டி எண் படிப்பதும் அப்படித்தான்: 23 வேலூர், 73 ராணிப்பேட்டை, 83 திருப்பத்தூர்ப் பக்கம், 25 திருவண்ணாமலை. ஒரு காலத்தில் எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம், 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. வண்டி எண்ணைப் பார்த்தே பிள்ளைகள் இதைக் கேட்டுவிடுவார்கள்.

மே 6

விரிஞ்சிபுரம் எழுதுவதாகச் சொன்னேனே.

மார்க்கபந்தீசுவரர் கோயில், வழித்துணைநாதர் என்பார்கள், பயணம் கிளம்புகிறவர்களுக்கு ஏற்ற சாமி. மதிலழகுக்குப் பேர்போன ஊர், மதிலையே சுற்றி ஒரு முறை நடக்கலாம். பிள்ளைகளுக்கு அங்கே முக்கியமானது மணி காட்டும் கல். அரை வட்டமாகச் செதுக்கி எண்கள் வெட்டியிருக்கும். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. மகன் தென்னை ஈர்க்குச்சி ஒன்றைத் தேடி எடுத்து வந்து வைத்தான். நிழல் காட்டிய நேரம் அவன் அப்பாவின் வாட்சைவிடப் பின்தங்கியிருந்தது. நிமிஷக் கணக்காகப் பார்க்க முடியாது, ஆனால் வித்தியாசம் தெரிந்தது.

கல் தப்பா, வாட்ச் தப்பா? இரண்டும் சரி. நம் கைக்கடிகாரம் காட்டுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம், அது அலகாபாத் பக்கம் போகிற கோடு. வேலூர் சுமார் 79 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்று வைத்தால் நமக்கு உச்சிப்பொழுது 14 நிமிஷம் வாக்கில் தாமதமாக வர வேண்டும். பூமியின் ஓட்டத்தால் மாதத்துக்கு மாதம் சில நிமிஷம் கூடும், குறையும், அதனால்தான் ஏப்ரல் 25-ல் 12 மணி 10 நிமிஷம் வாக்கில் என்று எழுதினேன். நிழலை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், கண்டிப்பாகப் புரியும்.

மே 9

"கார் இருக்கிறவங்க பேசற பேச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு. கார் இல்லாமலும் இதில் முக்கால்வாசி நடக்கும், சிலது இன்னும் நன்றாக நடக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை, அம்மாவும் மகளும் ஜன்னல் சீட்டைப் பிடித்தால் பக்கத்தில் கூடையோடு உட்காருகிற அம்மாவே ஒரு பாடம். காட்பாடியிலிருந்து வாலாஜா ரோடுக்குப் பாசஞ்சர் ரயிலில் போங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வந்து நின்றது அந்த வாலாஜாவில்தான். ரயிலை விட்டு இறங்கும்போதே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

மே 11

கிராமத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள், டவுனில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையா என்று கேட்டதும் நியாயம்தான்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்து பாருங்கள். லாட்ஜ், மெடிக்கல் ஷாப், சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும் வங்காளி எழுத்து. சின்னவன் அதை முதலில் இந்தி என்றான், அக்கா மேல்கோட்டைப் பார்த்துக் குழம்பினாள், கடைக்காரரிடமே கேட்டார்கள். அவர் வேலூர்க்காரர், தமிழ்தான் பேசுகிறவர், வருகிறவர்களிடம் பேசிப் பேசியே வங்காளி கற்றுக்கொண்டாராம். இரண்டு பிள்ளைகளுக்கும் அவரவர் பெயரை வங்காளி எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அத்தனை தூரம் உடம்பு சரியில்லாதவரைக் கூட்டிக்கொண்டு இந்த வெயிலுக்கு வருகிறார்கள், மாதக்கணக்கில் தங்குகிறார்கள், ரூமிலேயே ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொள்கிறார்கள். நாம் தினமும் நெரிசல் என்று எரிச்சல்பட்டுக் கடந்துபோகிற தெரு அது.

டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தது, பிற்பாடு குடியாத்தம் போகிற சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தது எல்லாம் அந்தத் தெருவில் நின்று சொல்ல வேண்டிய கதை.

மே 14

ஆம்பூர், வாணியம்பாடி. எழுதலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும்.

ஜன்னலைத் திறந்துவைத்துப் போனால் தோல் ஷாப்பு வாடை வரும். பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அந்த இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிடாதீர்கள். அவர்கள் காலில் இருக்கிற ஷூவைக் காட்டுங்கள். உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலைக் கழுவி, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, குரோமிய உப்பில் பதனிடுகிறார்கள். கழுவின உப்பும் குரோமியமும் சரியாகச் சுத்திகரிக்காமல் வெளியே போனால் ஆற்று மணலுக்கும் கிணற்றுக்கும்தான் போகும். நம் மாவட்டத்து மக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. இன்றைக்கு நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு.

"அப்போ மூடிடலாமே" என்றாள் மகள். அவள் தோழியின் அப்பா அங்கேதான் வேலை செய்கிறார் என்று நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மூடாம தண்ணிய மட்டும் சுத்தம் பண்ண எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். அதற்கு அவள் அப்பா பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார், பிரியாணிக் கடை வரும்வரை அந்தப் பேச்சுதான். சீரகச் சம்பாவும் நன்றாகத்தான் இருந்தது, கேள்வி கேட்டவர் வருத்தப்பட வேண்டாம்.

மே 18

இத்தனை எழுதியதில் ஒன்றை அழுத்திச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். காரில் நாம் விளக்க உரை நடத்தக் கூடாது. "இது என்ன, அது என்ன, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டே போனால் பரீட்சைதான். பிள்ளை கேட்கும்வரை காத்திருங்கள், கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், அங்கேயே வேலை செய்கிற ஆள் இருந்தால் அவரிடம் கேட்கச் சொல்லி ஒதுங்கி நில்லுங்கள். மதகடிப் பெரியவர், இலவம்பாடி அம்மா, கடைக்காரர் என்று இந்த இழையில் உருப்படியாக இருப்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்ததுதான். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யாமல், வணக்கம் சொல்லி, அண்ணா, பெரியம்மா என்று முறை வைத்துக் கூப்பிட்டுக் கேட்கப் பழகுவதே பிள்ளைக்குப் பாதிப் படிப்பு.

மே 19

நடைமுறை விஷயம் கேட்டவர்களுக்கு: கத்திரி வெயில் முடியும்வரை விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மோர், எலுமிச்சை, தொப்பி. வழியில் நுங்கு கிடைத்தால் சீவுவதையும் நின்று பார்க்கட்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் கழிவறை எங்கே என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள், கிராமச் சாலைகளில் இது உண்மையான பிரச்சினை, பெட்ரோல் பங்குகளைக் குறித்து வைத்துக்கொள்வோம். ஏரியில், கால்வாயில், கல் குட்டையில் பிள்ளைகளை இறங்க விடவே விடாதீர்கள். மணல் அள்ளின பள்ளம் மேலே பார்த்தால் தெரியாது.

மே 23

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர். கபிலர் வருவார், ஔவையார் வருவார், பாரி வருவார். பாரி வளைவில் முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை மகள் தம்பிக்குச் சொல்ல, "தேரைக் குடுத்துட்டு வீட்டுக்கு எப்படிப் போனாரு?" என்றான்.

அடுத்து நாங்கள் போக நினைப்பது காவலூர், ஆலங்காயம் வழியாக, ஜவ்வாது மலையில். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 1986-ல் திறந்தது. 1988-ல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவார்கள், மேகம் இருந்தால் வானம் பார்க்க முடியாது, ஆகவே கிளம்பும் முன் கேட்டுக்கொண்டு போங்கள். மழைக்காலத்துக்கு முன் முடித்துவிட வேண்டும்.

குடியாத்தம் பக்கம் கைத்தறி லுங்கி நெய்கிற வீடு ஏதாவது, பிள்ளைகள் தறியடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தால் தடை சொல்லாத வீடாக, யாருக்காவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள். மகள் இப்போது சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நூல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.